மெசின் மூடியில் இருக்கும் மற்றப் பெயர்: ஹரி பெர்குசன்

2006ஆம் ஆண்டு ஏப்ரலில் மூதூர் கிழக்கில் எறிகணைகளும் விமானக் குண்டுகளும் விழத் தொடங்கியபோது, சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, நவரத்தினபுரம் பக்கத்துச் சனம் கையில் அகப்பட்டதை உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டது. நெல் மூட்டை, பாய், சட்டி பானை, அதற்கு மேல் கிழவிகள், குழந்தைகள். ஓகஸ்டில் மூதூர் நகரத்து முஸ்லிம் மக்களும் கந்தளாய்ப் பக்கமாக ஓடினார்கள். செப்டெம்பர் 4ஆம் திகதி சம்பூர் இராணுவத்தின் கைக்குப் போனது. 2007 மே மாதம் வந்த வர்த்தமானி அந்தக் காணிகளை உயர் பாதுகாப்பு வலயம் ஆக்கியது. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை என்று முகாம் வாழ்க்கை ஆண்டுக் கணக்கில் நீண்டது.

2015இலும் 2016இலும் காணிகள் விடுவிக்கப்பட்டுச் சனம் திரும்பிப் போனபோது அங்கே ஊர் இருக்கவில்லை, காடுதான் இருந்தது. சொந்த வளவையே கிணற்றையும் ஒன்றிரண்டு பழைய மரங்களையும் வைத்துத்தான் பலர் அடையாளம் கண்டார்கள். பட்டி மாடுகள் எப்போதோ போய்விட்டன. மண்வெட்டியும் காட்டுக் கத்தியும் ஓரளவுக்குத்தான் உதவும். பத்து வருடம் வேர் விட்ட அடிக்கட்டைகளைக் கிளப்ப மெசின் வேண்டும். எந்த மெசின்? கையால் பிடித்து நடக்கிற லான்ட்மாஸ்டரா, இருந்து ஓட்டுகிற சிறிய நாலு சில்லு மெசினா, அல்லது வயல்காரர் வைத்திருக்கிற பெரிய மெசியா? லீசிங்கில் எடுப்பதா, வாடகைக்குப் பிடிப்பதா? இந்தக் கேள்விகள் மூதூரில் இன்னும் முடியவில்லை. பெரும்போகம் நெருங்குகிற ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவருடைய முற்றத்தில் இது பேசப்படுகிறது.

சின்ன மெசின் ஒன்று சின்னக் காணியில் என்ன செய்யமுடியும் என்ற இதே கேள்வியோடு ஏறத்தாழ நாற்பது வருடம் மல்லுக்கட்டிய ஒரு மனிதர் இருந்தார். அவருடைய பெயர் எங்கள் ஊர்ச் சிவப்பு மெசின்களின் மூடியில் இரண்டாவது சொல்லாக இருக்கிறது. அவர் ஹரி பெர்குசன்.

அவர் பிறந்தது 1884 நவம்பர் 4ஆம் திகதி, அயர்லாந்தின் வடக்கே டவுன் மாவட்டத்தில், ட்ரொமோர் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள குரோவெல் கிராமத்தில். பதினொரு பிள்ளைகளில் நாலாவது. தகப்பன் கமக்காரர், சமயக் கட்டுப்பாட்டில் மிகக் கடுமையானவர். வீட்டில் பைபிளைத் தவிர வேறு புத்தகங்களுக்கு அவ்வளவாக இடமில்லை. குதிரைகளின் பின்னால் கலப்பையைப் பிடித்துக்கொண்டு ஈர மண்ணில் நடப்பது சிறுவன் ஹரிக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கமத்தை வெறுத்த ஒரு பையன்தான் பிறகு உலகம் முழுவதும் கமக்காரனின் முதுகுச் சுமையைக் குறைக்கிற வேலையை எடுத்துக்கொண்டான் என்பது வேடிக்கையாகத் தெரியலாம். அந்த வேலையின் வலி தெரிந்தவனுக்குத்தான் அதை மாற்றவேண்டும் என்று தோன்றும் என்பது என் எண்ணம்.

கனடாவுக்குப் போய்விடலாம் என்று இருந்தவரை 1902இல் தமையன் ஜோ, பெல்பாஸ்டில் தான் நடத்திய சைக்கிள், கார் திருத்தும் கடைக்கு அழைத்துக்கொண்டார். அங்கே ஹரிக்கு இயந்திரம் பழகியது. மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓடினார். 1909இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போய் விமானக் காட்சிகளைப் பார்த்துவிட்டு வந்து, தானே ஒரு விமானம் கட்டினார். அந்த வருடத்தின் கடைசி நாளான டிசம்பர் 31இல் ஹில்ஸ்பரோவில் ஏறத்தாழ 130 யார் தூரம் பறந்தார். அயர்லாந்து மண்ணில் நடந்த முதலாவது விமானப் பறப்பு அது. பிறகு சில விபத்துகள். 1911இல் சொந்தமாக மோட்டார் வியாபாரம் தொடங்கினார். 1913இல் திருமணம். பறப்பு ஆசை மெல்ல ஓய்ந்தது. எடை குறைவாகவும் உறுதியாகவும் இருக்கவேண்டும் என்ற விமானக்காரனின் புத்தி மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை.

இந்த இடத்தில் ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். 1914 ஏப்ரலில், அயர்லாந்து தன்னாட்சி பெறுவதை எதிர்த்த அல்ஸ்டர் தொண்டர் படைக்காக லார்ண் துறைமுகத்தில் பெருந்தொகைத் துப்பாக்கிகள் இரவோடிரவாக இறக்கப்பட்டன. அந்த வேலையில் பெர்குசனுக்கும் பங்கு இருந்தது. அவருடைய ஊரும் இரண்டாகப் பிரிந்து நின்ற ஊர்தான். கடலால் ஆயுதம் வந்து இறங்கிய கதை திருகோணமலைக்காரருக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பக்கத்தை அவர் பிற்காலத்தில் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை.

சில மாதங்களில் உலகப்போர் தொடங்கியது. ஆட்களும் குதிரைகளும் போர்முனைக்குப் போக, நீர்மூழ்கிகள் தானியக் கப்பல்களை மூழ்கடிக்க, பிரித்தானியத் தீவுகளில் சாப்பாட்டுத் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவிலிருந்து உழவு இயந்திரங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1917இல் அயர்லாந்து விவசாய சபை, நாட்டில் ஓடுகிற உழவு இயந்திரங்களைப் பார்வையிட்டுச் சீராக்குகிற பொறுப்பைப் பெர்குசனிடம் கொடுத்தது. அவர் வில்லி சாண்ட்ஸ் என்ற கெட்டிக்கார மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அந்தப் பயணம்தான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது.

அவர் கண்டது இதுதான். மெசின் ஒன்று, கலப்பை இன்னொன்று. இரண்டையும் ஒரு சங்கிலியோ கொழுக்கியோ இணைக்கிறது. அதாவது குதிரை நின்ற இடத்தில் இரும்பை நிறுத்தியிருக்கிறார்கள், மற்றதெல்லாம் பழையபடியே. கலப்பைக்குத் தனிச் சில்லுகள், அதைத் தூக்கி இறக்க இன்னொரு ஆள். கலப்பையை இழுக்க மெசினின் சில்லு மண்ணைப் பிடிக்கவேண்டும். பிடிக்கவேண்டும் என்றால் மெசின் பாரமாக இருக்கவேண்டும். பாரமான மெசின் ஈர நிலத்தை அமத்திக் கட்டியாக்கிவிடும், இல்லையென்றால் புதைந்துவிடும். சின்னக் கமக்காரனுக்கு இது வாங்கவும் கட்டாது, வைத்திருக்கவும் கட்டாது.

அதைவிட மோசமான இன்னொன்றும் இருந்தது. கலப்பை ஒரு கல்லிலோ வேரிலோ மாட்டி நின்றுவிட்டால் என்ன நடக்கும்? பின் சில்லு சுழலப் பார்க்கும். இழுக்கிற பொருள் அசையவில்லை, சில்லும் மண்ணைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. அப்போது இயந்திரத்தின் பலம் முழுவதும் மெசினின் உடம்பையே பின் அச்சைச் சுற்றித் திருப்பும். முன்பக்கம் எழும்பும். எழும்பினால் அப்படியே பின்னுக்குப் புரண்டு ஓட்டுநரின் மேல் விழும். இதெல்லாம் நடந்து முடிய ஒன்றரை விநாடி அளவு போதும். கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் மெசின்கள் மலிவாக வந்து குவிந்த அந்தக் காலத்தில் இப்படிப் பல கமக்காரர்கள் இறந்தார்கள்.

சம்பூர் வளவுகளில் சங்கிலி கட்டி அடிக்கட்டை இழுத்தவர்களுக்கு இந்த விபரம் புதிதாக இராது. கட்டை அசையாது, முன் சில்லு இரண்டும் நிலத்தைவிட்டு எழும்பும், ஓட்டுகிறவருடைய நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடும். சங்கிலியை எங்கே கொழுவுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. பின் அச்சுக்கு மேலே, இருக்கைக்குக் கிட்டவாகக் கொழுவினால் மெசின் பின்னுக்குப் புரளும். அச்சுக்குக் கீழே, இழுவைச் சட்டத்தில் கொழுவினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். இழுவைச் சட்டம் என்பது அதற்காகவே தாழ்வாக வைக்கப்பட்ட இரும்பு.

பெர்குசன் செய்த கண்டுபிடிப்பும் கொழுவுகிற இடத்தைப் பற்றியதுதான். 1917இன் கடைசியில் அவர் காட்டிய முதல் கலப்பைக்குச் சில்லே கிடையாது. அது மெசினின் உடம்போடு சேர்த்துப் பூட்டப்பட்டது. பிறகு வருடக்கணக்காக அந்தப் பூட்டை மாற்றி மாற்றிச் செய்தார்கள். கடைசியில் வந்து நின்றது மூன்று கைகள்: கீழே இரண்டு, மேலே நடுவில் ஒன்று. கலப்பை மாட்டிக்கொண்டால் அது முன்னுக்குச் சரியப் பார்க்கும். அப்போது மேல்கை மெசினை முன்னோக்கித் தள்ளும், முன் சில்லு நிலத்தில் அழுந்தும். முன்பு மெசினைப் புரட்டிய அதே விசை இப்போது அதை நிலத்தோடு பிடித்து வைக்கிறது. அதோடு கலப்பையின் பாரமும் மண் கலப்பையை அமத்துகிற பாரமும் பின் சில்லுகளுக்கு வந்து சேருகின்றன. ஆகவே மெசின் பாரமாக இருக்கவேண்டியதில்லை. வேலை கூடக் கூடப் பிடிமானமும் தானாகக் கூடும்.

இதோடு ஹைட்ரோலிக் சேர்ந்தது. மண் இறுகினால் இழுவை கூடும். இழுவை கூடினால் மேல்கை ஒரு சுருள்வில்லை அமத்தும். வில் அமுங்கினால் எண்ணெய் பாய்ந்து கலப்பை ஒரு சொட்டு உயரும். மண் இளகினால் திரும்ப இறங்கும். ஓட்டுநர் ஒன்றும் செய்யத் தேவையில்லை. இதற்கான காப்புரிமை 1926இல் அவருக்குக் கிடைத்தது. எளிதாகச் சொன்னால், நல்ல உழவன் மேழியில் வைத்திருக்கிற கையை அவர் இரும்பிலும் எண்ணெயிலும் செய்துவைத்தார்.

கண்டுபிடித்துவிட்டால் மட்டும் போதுமா? எடுத்துச் செய்ய ஒரு தொழிற்சாலையும் முன்வரவில்லை. வேறு வழியில்லாமல் 1933இல் தானே ஒரு மாதிரி மெசினைக் கட்டி அதற்குக் கறுப்பு நிறம் பூசினார். அந்தக் கறுப்பு மெசின் இப்போது இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு உரியது. 1936இல் டேவிட் பிரவுன் என்ற ஆங்கிலேயப் பற்சில்லு உற்பத்தியாளரோடு சேர்ந்து விற்பனைக்கு மெசின் செய்தார். ஏறத்தாழ 1,350 மெசின்கள் செய்யப்பட்டன. விலை கூட, வாங்குவோர் குறைவு. இன்னும் பலமான பெரிய மெசின் வேண்டும் என்றார் பிரவுன். கூடாது, சின்னதைத்தான் மலிவாக்கவேண்டும் என்றார் பெர்குசன். இருவரும் பிரிந்தார்கள்.

பெர்குசன் சுலபமான மனிதர் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மெலிந்த, கட்டையான உருவம், கண்ணாடி, வயலுக்கும் ஒழுங்கான உடையோடுதான் வருவார். ஒரு ஆணி பிசகினாலும் பொறுக்கமாட்டார். தான் சொல்வதுதான் சரி என்ற பிடிவாதம் அவரோடு வேலை செய்தவர்கள் எல்லோரையும் ஒரு கட்டத்தில் களைக்க வைத்தது. ஆனால் மெசின் விடயத்தில் அந்தப் பிடிவாதம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

1938 ஒக்டோபரில் ஒரு மெசினைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனார். ஹென்றி ஃபோர்டின் ஃபெயர் லேன் வளவில் அதை ஓட்டிக் காட்டினார். ஃபோர்டும் கமக்காரனின் மகன், அவரும் சின்ன மெசின் கனவோடு பல வருடம் தோற்றுப்போயிருந்தவர். வயலுக்குள்ளேயே ஒரு மேசை போட்டு, சுருள்வில்லில் ஓடுகிற பொம்மை மாதிரி ஒன்றை வைத்துத் தன் மூன்று கைகளின் வேலையைப் பெர்குசன் விளக்கினார். இருவரும் கை குலுக்கினார்கள். ஃபோர்ட் மெசின் செய்வார், பெர்குசன் வடிவமைத்து விற்பார். எழுத்தில் ஒன்றும் இல்லை, சட்டத்தரணி இல்லை, சாட்சி இல்லை. 1939 ஜூனில் ஃபோர்ட் 9என் என்ற சாம்பல் நிற மெசின் வெளிவந்தது. விலை 585 டொலர். அறிமுக நாளில் எட்டு வயதுப் பையன் ஒருவனை ஏற்றி உழவைத்தார்கள். ஒன்பது வருடத்துக்குள் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மெசின்கள் விற்பனையாகின.

கைகுலுக்கல், குலுக்கியவர்கள் இருக்கும்வரை நின்றது. மூத்த ஃபோர்ட் ஒதுங்கிப் பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்ட் பொறுப்பெடுத்தபோது, இந்த ஏற்பாட்டால் கம்பனிக்கு நட்டம் என்று கணக்குக் காட்டப்பட்டது. 1947இல் உறவு முறிந்தது. அதே மூன்று கைகளோடு ஃபோர்ட் தன் சொந்த மெசினை வேறு விற்பனை நிறுவனத்தின் மூலம் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெர்குசனின் அமெரிக்க வியாபாரம் ஒரேயடியாக விழுந்தது. 1948இல் 251 மில்லியன் டொலர் கேட்டு வழக்குப் போட்டார். பிறகு அந்தத் தொகை 340 மில்லியனாக உயர்ந்தது. நாலு வருடம் இழுத்து, 1952 ஏப்ரலில் 9.25 மில்லியனுக்குச் சமரசமாக முடிந்தது. கேட்டதோடு பார்த்தால் சொற்பம். ஆனாலும் உலகத்தின் பெரிய கம்பனிகளில் ஒன்று, தன் காப்புரிமைக்கு விலை கொடுக்கவேண்டியிருந்தது என்பதை அவர் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார். உறுதி எழுதாமல் வாய்ச்சொல்லில் காணி மாறி, பிறகு பிரதேச செயலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்து தேய்ந்தவர்கள் எங்கள் மத்தியில் நிறைய உண்டு. அவர்களுக்கு இந்தக் கதையின் ருசி தெரியும்.

வழக்கு நடந்த அதே காலத்தில்தான் அவருடைய பெரிய வேலையும் நடந்தது. இங்கிலாந்தின் கொவென்ட்ரியில், போர்க்காலத்தில் விமான இயந்திரம் செய்த பனர் லேன் தொழிற்சாலையில், ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பனியின் உதவியோடு 1946இல் டீஈ20 என்ற மெசின் வெளிவரத் தொடங்கியது. சாம்பல் நிறம், ஒரு தொன்னுக்குச் சற்று மேலான பாரம், இருபதைச் சுற்றிய குதிரைவலு. 1956இல் உற்பத்தி நிற்கும்போது ஐந்து இலட்சத்துப் பதினேழாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டிருந்தன. 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலாரி தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் சங்கிலிப் பட்டை பூட்டிய இந்த மெசின்களில்தான்.

டீஈ20ஐ வாங்கியவருக்கு ஒரு ஸ்பானர் கொடுபடும். கலப்பையையும் மற்ற உபகரணங்களையும் பூட்டவும் சீராக்கவும் அந்த ஒரு ஸ்பானரே போதும். அதன் கைப்பிடியில் அங்குல அளவு பொறித்திருக்கும், அளவுகோலும் அதுவே. சில்லுகளின் இடைவெளியை 48 அங்குலத்திலிருந்து 76 அங்குலம் வரை மாற்றலாம். பயிரின் வரிசைக்கு மெசின் ஒத்துப்போகவேண்டும், மெசினுக்காக வரிசையை மாற்றக்கூடாது என்பது அவருடைய நிலைப்பாடு. ஸ்டோன்லீ என்ற இடத்தில் பாடசாலை ஒன்றை நடத்தி, விற்பவர்களுக்கும் ஓட்டுபவர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். மெசினை விற்றால் மட்டும் போதாது, அதைச் சரியாகப் பூட்டத் தெரியாவிட்டால் அது பழைய இரும்புதான் என்று அவர் கருதினார்.

மூதூரில் ஒரு வளவுக்காரர் மெசின் எடுக்கப்போகும்போது இந்த மனிதரின் பிடிவாதத்தில் கொஞ்சத்தைக் கடன் வாங்கலாம். விற்பனைக்காரர் முதலில் குதிரைவலுவைத்தான் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு பின்பக்கம் போய்ப் பாருங்கள். மூன்று கைகளும் இருக்கின்றனவா, கீழ்க்கை இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா, துளைகள் தேய்ந்து நீண்டுபோயிருக்கின்றனவா என்று பாருங்கள். சிறிய மெசின்களுக்கான பொது அளவில் கீழ்க்கை முளை 22 மில்லிமீற்றர், மேல்கை முளை 19 மில்லிமீற்றர். அந்த அளவு இருந்தால் ஊரில் யாரிடமும் கலப்பை இரவல் வாங்கிப் பூட்டலாம். வேறு அளவென்றால் ஒவ்வொரு தடவையும் வெல்டிங் கடைதான். கலப்பை அங்குமிங்கும் ஆடாமல் பிடிக்கிற பக்கச் சங்கிலிகள் முக்கியம். இரண்டாம் கை மெசின்களில் அவைதான் முதலில் காணாமல் போயிருக்கும்.

பூட்டிய பிறகு மேல்கையின் நீளம்தான் எல்லாம். அதைக் குறுக்கினால் கலப்பையின் மூக்கு கீழே குத்தும், நீட்டினால் மேலே மிதக்கும். கடற்கரைச்சேனைப் பக்கத்து மணல் நிலத்துக்கும் கங்குவேலிப் பக்கத்துக் களிமண் வயலுக்கும் ஒரே நீளம் சரிவராது. சமநிலமான இடத்தில் நிறுத்தி, கலப்பையை இறக்கி, பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் கண்ணால் பார்த்து மட்டம் பிடிக்கவேண்டும். பிறகு பத்து அடி உழுதுவிட்டு இறங்கிப் பார்க்கவேண்டும். இதற்கு அரை மணித்தியாலம் செலவழிப்பவரின் டீசல் மிஞ்சும். ரொட்டவேட்டர் பூட்டுகிறவர்கள், நிமிடத்துக்கு 540 தடவை சுழல்கிற அந்தத் தண்டுக்கு மூடி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும். சாரம் கட்டியபடி அதற்குக் கிட்டப் போகவே கூடாது. ஓட்டுநரின் பின்னால் நிற்கிற பாதுகாப்பு வளையத்தை மரக்கிளையில் தட்டுகிறது என்று சிலர் கழற்றி வைக்கிறார்கள். மரக்கிளையை வெட்டுங்கள். வெடிபொருள் அகற்றியதாக உறுதி கிடைக்காத துண்டில் எந்த மெசினையும் இறக்காதீர்கள் என்பதை மூதூர் கிழக்கு மக்களுக்கு நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

ஆனால் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வளவுக்கு நாலு சில்லு மெசின் சொந்தமாக வேண்டுமா? பெர்குசன் வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார். அவருடைய கணக்கு வேறு. அயர்லாந்தில் சின்னக் கமக்காரனின் நிலத்தில் ஒரு பெரும் பங்கு குதிரைகளுக்குத் தீன் விளைவிப்பதற்கே போனது. குதிரை போனால் அந்த நிலம் மனிதனுக்கு மிஞ்சும், சாப்பாடு மலியும், வறுமை குறையும், போருக்கான காரணங்களும் குறையும் என்று அவர் நம்பினார். கடைசிப் பகுதியை எங்களால் அப்படியே ஏற்கமுடியாது. இங்கே போர் பசியால் வரவில்லை, பசிதான் போரால் வந்தது.

இந்தக் கணக்குக்கு இலங்கையிலேயே ஒரு மறுப்பு எழுந்தது. அதை எழுப்பியவரும் ஒரு மெசின் செய்தவர்தான். நாங்கள் எந்தக் கம்பனியின் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தையும் லான்ட்மாஸ்டர் என்றே சொல்கிறோம். அந்தப் பெயருக்குரிய மெசினை 1950களில் வடிவமைத்தவர் ரே விஜேவர்தன, கேம்பிரிட்ஜில் படித்த கொழும்புப் பொறியியலாளர், பெர்குசனைப் போலவே சொந்தமாக விமானம் கட்டிப் பறந்தவர். இங்கிலாந்தில் உற்பத்தியாகி அந்த மெசின் ஆசிய நாடுகளுக்குப் போனது. ஆனால் பிற்காலத்தில் அவரே தன் மெசினைச் சந்தேகிக்கத் தொடங்கினார். எருமை பால் தரும், எரு தரும், கன்று போடும். மெசின் இதில் ஒன்றையும் தராது, எண்ணெயையும் உதிரிப்பாகத்தையும் கடனையும் கொண்டுவரும். நைஜீரியாவின் இபாடான் ஆய்வு நிலையத்தில் வேலை செய்தபோது, வெப்பவலய மண்ணைக் கிளறாமலே பயிர் செய்கிற முறைகளைப் பரப்பினார். 2010 ஓகஸ்டில் காலமாகும்வரை அந்தக் கருத்திலேயே நின்றார்.

இருவருடைய வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வளவு விடயத்தில் நான் ரே விஜேவர்தனவின் பக்கம்தான் கொஞ்சம் சாய்வேன். சம்பூர் மணலை ஒவ்வொரு வருடமும் ஆழமாகப் புரட்டினால் இருக்கிற ஈரமும் போய்விடும். காடு வெட்டிக் கட்டை கிளப்புகிற வேலை ஒருதடவை வேலை. அதற்குப் பெரிய மெசினை நல்ல ஓட்டுநரோடு வாடகைக்குப் பிடிக்கலாம். பிறகு தென்னைக்கும் வாழைக்கும் இடையில் புல்லை அடக்கவும், பெட்டி பூட்டி எரு, விறகு, தண்ணீர் ஏற்றவும் லான்ட்மாஸ்டர் தாராளம். அதை நாலைந்து வீடு சேர்ந்து எடுத்தால் தவணைப் பணம் கழுத்தை நெரிக்காது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பள்ளத்தில் இறங்கும்போது லான்ட்மாஸ்டரின் திருப்பும் பிடி எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். இடப்பக்கப் பிடியை அமத்தினால் வலப்பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்து பெட்டியோடு இறங்குகிற புது ஓட்டுநர்கள் இதைத் தெரியாமல்தான் வாய்க்காலுக்குள் போகிறார்கள். வயல் நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவருக்குத்தான் பெர்குசனின் கணக்குச் சரிவரும்.

பெர்குசனின் கடைசி வருடங்கள் மகிழ்ச்சியானவை அல்ல. 1953 ஓகஸ்டில் தன் கம்பனியைக் கனடாவின் மெசி-ஹரிஸ் நிறுவனத்தோடு இணைத்தார். விலை பேசும்போது பத்து இலட்சம் டொலர் வித்தியாசத்தில் பேச்சு இழுபட்டது. நாணயம் சுண்டிப் பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். அவர் தோற்றார். அடுத்த வருடமே கருத்து வேறுபாட்டால் விலகினார். நிறுவனத்தின் பெயர் சில வருடங்களில் மெசி பெர்குசன் என்று சுருங்கியது. அவரோ நாலு சில்லுக்கும் விசை போகிற, வழுக்காத கார் ஒன்றைச் செய்வதில் பணத்தைக் கொட்டினார். எந்தக் கார்க் கம்பனியும் அதை எடுக்கவில்லை. நித்திரையின்மையும் மனச்சோர்வும் அவரை வாட்டின. 1960 ஒக்டோபர் 25ஆம் திகதி, இங்கிலாந்தின் ஸ்டோ-ஒன்-த-வோல்ட் ஊருக்குப் பக்கத்தில் இருந்த தன் அபட்ஸ்வூட் வீட்டில் இறந்து கிடந்தார். நித்திரை மருந்து அளவுக்கு மீறியிருந்தது. தவறுதலாகவா வேண்டுமென்றா என்று மரண விசாரணையால் தீர்மானிக்க முடியவில்லை. அடுத்த வருடம் செப்டெம்பரில் அவருடைய நாலு சில்லு விசைக் கார், ஸ்டேர்லிங் மொஸ் ஓட்டி, ஓல்டன் பார்க் பந்தயத்தில் முதலாவதாக வந்தது.

அவர் இறந்த அதே 1960இல்தான் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டு, மெசி பெர்குசன் மெசின்களைச் செம்பியத்தில் செய்ய வழி பிறந்தது. அங்கே செய்தவையும் கொவென்ட்ரியில் செய்தவையும் பாக்கு நீரிணையையும் கடலையும் தாண்டி எங்கள் பக்கம் வந்தன. பெல்பாஸ்டில் அவருடைய முகத்தை இருபது பவுண்ட் தாளில் அச்சடித்தார்கள். மூதூரில் சிவப்பு மூடியின் எழுத்து வெயிலில் வெளுத்துப்போயிருக்கிறது. சனம் அதை மெசி என்று மட்டும் கூப்பிடுகிறது, அது அவர் சண்டை பிடித்து விலகி வந்த கம்பனியின் பெயர்.